காய்ந்த பல்லின் நிறம்

நாத்தனாருக்கு வீட்டில் வைத்திருந்த பெயர் வானொலி. காலையில் கண் விழித்ததும் தொடங்கும் ஒலிபரப்பு, இரவில் கண் சொருகும்போதுதான் நிற்கும். மாடிப்படியில் கால் இடறி முன்பல் பாதி உடைந்ததிலிருந்து, இருபது நாளாக வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள். பேச்சை மட்டும் குறைக்கவில்லை. நாளை வேறு ஊரில் புது வேலையில் சேர வேண்டும். வரவேற்பு மேசை, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதே பாதி வேலை. இன்று மாலை ஆறு மணிக்குப் பேருந்து.

அண்ணி பல் மருத்துவர். ஆனாலும் சொந்தக்காரர்களிடம் வாயைக் காட்டினால் ஊருக்கே சொத்தைப் பல்லின் எண்ணிக்கை தெரிந்துவிடும் என்று பதினொரு வருடமாக வேறெங்கோ போய்க்கொண்டிருந்தவள் நாத்தனார். ஒரே நாளில் பல் செய்து பொருத்தும் இயந்திரம் இங்கேதான் இருக்கிறது என்பதால், வேறு வழியின்றி இன்று இந்த நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அண்ணிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கையுறையை இரண்டு முறை மாற்றினாள். நாத்தனாரோ நாற்காலியின் சத்தம், விளக்கின் சூடு, அண்ணனின் குறட்டை என்று வரிசையாகப் பேசிக்கொண்டே போனாள். வாய் ஒரு நொடி நின்றபோது அண்ணி மரத்துப்போகும் ஊசியைப் போட்டாள். அடுத்த நொடியே பஞ்சுருளைகளை உள்ளே அடைத்தாள். ஒலிபரப்பு நின்றது.

பிறகு வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. உடைந்த பல்லைச் சுற்றிலும் சீவிச் சிறு முளையாக்கினாள். பேனா போன்ற கேமராவை வாய்க்குள் நகர்த்தியதும், பற்கள் துண்டுதுண்டாகத் திரையில் முளைத்து ஒன்றாயின. புதுப் பல்லைத் திரையிலேயே வரைந்து, நிற அட்டையைப் பக்கத்துப் பல்லருகே பிடித்துப் பார்த்து, அதற்கேற்ற பீங்கான் கட்டியை இயந்திரத்தில் பொருத்தினாள். தண்ணீரைப் பீச்சியபடி இரண்டு வைர ஊசிகள் கட்டியைக் கடைந்தன. வெளியே வந்த பல் ஊதா நிறத்தில் இருந்தது.

"அண்ணி, கத்தரிக்கா கலர்ல பல்லு வைக்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் நாத்தனார், பஞ்சுக்கு நடுவிலிருந்து.

கடைவதற்கு வசதியாகப் பீங்கான் அந்த நிலையில் மென்மையாக இருக்கும். சூளையில் வெந்தால்தான் உள்ளே படிகங்கள் இறுகிக் கெட்டிப்படும், பல்லின் நிறமும் வரும் என்று அண்ணி விளக்கினாள். அப்படியே ஆயிற்று. ஒட்டாமல் சும்மா மாட்டிப் பார்த்தபோது, எது பழையது எது புதியது என்றே தெரியவில்லை. கூட வேலை பார்க்கும் உதவியாளர் அம்மா, "அச்சு அசல், டாக்டர்" என்றார். நாத்தனார் கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை. கண் கலங்கியிருந்தது.

பசையை எடுப்பதற்கு முன் அண்ணி குறிப்பேட்டைத் திறந்தாள். அதில் முதல் வரி எப்போதும் நிறம். எதையும் தொடுவதற்கு முன் எழுத வேண்டியது. அது காலியாக இருந்தது. நிறம் பக்கத்தின் அடியில், சீவி முடித்ததற்குப் பிறகு கிறுக்கப்பட்டிருந்தது.

பல் காய்ந்த பிறகு பார்த்த நிறம் அது. பல்லின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. எச்சிலின் ஈரம் அவற்றில் நிறைந்திருக்கும்வரைதான் பல் தன் நிறத்தில் இருக்கும். வாயைத் திறந்தே வைத்துப் பஞ்சும் காற்றும் பட்டால், ஈரம் போன இடத்தில் காற்று நிறையும், வெளிச்சம் உள்ளே போகாமல் சிதறும், பல் வெளுக்கும். நனைந்த துணி காயும்போது வெளுப்பதைப் போல. இந்தப் புதுப் பல் அச்சு அசலாகப் பொருந்தியது, காய்ந்துபோன பல்லோடு. நாளைக்குப் பக்கத்துப் பல் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். புதுப் பல் மட்டும் இப்படியே நிற்கும்.

ஒட்டிவிட்டால் கழற்ற முடியாது. அரைத்துத்தான் எடுக்க வேண்டும். மணி மூன்று. யாருக்கும் தெரியாது. சிரித்துக்கொண்டே பேருந்து ஏறிவிடுவாள். பசைக் குழாயை அண்ணி கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"இதை இன்னிக்கு ஒட்ட மாட்டேன்," என்றாள் கடைசியில். "தப்பு என்னோடது. உன் பேச்சை நிறுத்தினாப் போதும்னு பஞ்சை வெச்சேன். நிறம் பாக்க மறந்துட்டேன்."

நாத்தனார் நம்பவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது, போகவிடாமல் செய்ய இதுவும் ஒரு சாக்கா என்றாள். அண்ணி வாதாடவில்லை. புதுப் பல்லைக் கழற்றி, குவளை நிறையத் தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னாள். பேசக் கூடாது.

நாத்தனார் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னல் வரை போய் வந்தாள். துண்டுக் காகிதத்தில் 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று ஆறு முறை எழுதிக் காட்டினாள். அண்ணி சுத்தமாக இருந்த கருவிகளையே திரும்பக் கழுவினாள். இடையில் அண்ணியின் புருஷன் தொலைபேசியில் அழைத்தான். தங்கை பேசாமல் இருக்கிறாள் என்றதும், "மருந்து ஏதும் அதிகமாயிடுச்சா?" என்று பதறினான்.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணி பல்லை மறுபடி மாட்டி, கண்ணாடியை நீட்டினாள். நாத்தனார் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"தெருவுல ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு."

"நாளைக்கு இன்னும் தெரியும்."

நாத்தனார் அலுவலகத்துக்குப் பேசினாள். புதுப் பல்லைக் கழற்றியாயிற்று; வாயில் முளை மட்டும்தான். ஒரு நாள் தள்ளி வருவதாகச் சொல்லி, அவர்கள் முணுமுணுத்ததற்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் மறுமுனையில் இருந்தவரைச் சிரிக்கவும் வைத்துவிட்டாள். கை வாயை மறைக்கவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை. அண்ணிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு தற்காலிகப் பிளாஸ்டிக் பல்லைப் பொருத்தி அனுப்பினாள்.

மறுநாள் காலை கதவு திறந்ததும் நாத்தனார் வந்தாள், உதட்டை இறுக மூடியபடி. அண்ணி பெரிய விளக்கைப் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நிற அட்டையைப் பிடித்தாள். நேற்றையதைவிட இரண்டு படி மங்கல். உதவியாளர் அம்மாவையும் பார்க்கச் சொன்னாள். முதல் வரியில் எழுதினாள். சந்தேகம் தீராமல் மறுபடி ஒரு தடவை பிடித்துப் பார்த்தாள்.

"எழுதியாச்சா?" என்றாள் நாத்தனார்.

"எழுதிட்டேன்."

"அப்ப நான் இனிமே பேசலாம்ல?"

பேசத் தொடங்கினாள். பஞ்சுருளையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி காத்திருந்தாள்.