யார் சொன்னது?

வின்ஸ்லோவின் வெள்ளைச் சட்டைக்கு யூனா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது டெக்ஸ்டர் படியேறி வந்தான். கீழே, தூண்கள்மேல் நிற்கும் வீட்டுக்கடியில், துக்கத்துக்கு வந்தவர்கள் பெஞ்சு இழுத்துப் போடும் சத்தம்.

"ஆன்ட்டி, பேப்பர்ல பக்கம் முடிக்கப் போறாங்க. சீஃப் இறந்த சேதியில ஒரு வார்த்தை மட்டும் நிக்குது."

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் வின்ஸ்லோ ஃபோர்டைஸ். ஜார்ஜ்டவுனில் ஓர் ஆங்கில நாளிதழில் ஆயுசெல்லாம் மற்றவர்களுடைய ஆங்கிலத்தைத் திருத்தியவர். மரணச் செய்தியில் எவனாவது 'இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதினால், "நீ கூடப் போய்ப் பாத்தியா?" என்று கேட்டு, 'இறந்தார்' என்று மாற்றிவிட்டுத்தான் தேநீரைத் தொடுவார். டெக்ஸ்டர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே தொழில் படித்தவன்.

"என்ன வார்த்தை?"

அவன் தரையைப் பார்த்தான். யூனாவுக்குப் புரிந்துவிட்டது.

பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்கிற பெண்களுக்கு எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் ஒரு பெயர் உண்டு: 'ரெப்யூட்டட் வைஃப்'. மனைவி என்று ஊரார் சொல்லுகிறவள். வின்ஸ்லோவுக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது. "யார் சொன்னது? சொன்னவங்க பேரைப் போடு. இல்லன்னா வெட்டு" என்பார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தன் பத்திரிகையில் மட்டும் அவர் மூடி வைத்திருந்தார்.

'மனைவி' என்றே போடு என்று சொல்ல யூனாவுக்கு வாய் வரவில்லை. நிரூபிக்க முடியாத தகவல் அச்சேறினால் மனிதர் சவப்பெட்டியிலிருந்தே எழுந்து வந்துவிடுவார். பதிவு செய்யத்தான் ஒருமுறை போனார்கள். யூனா புதுக் கவுனும் தொப்பியும் போட்டிருந்தாள். குமாஸ்தா அவள் பெயருக்கு நேரே 'ஸ்பின்ஸ்டர்' என்று எழுதினார். முதிர்கன்னி. "இந்த வார்த்தையை என் பேப்பர்லயே விடமாட்டேன், இவ பேருக்குப் பக்கத்துல விடுவேனா? 'திருமணமாகாதவர்'னு எழுதுங்க" என்றார் வின்ஸ்லோ. சட்டத்தில் உள்ள சொல் அதுதான் என்றார் குமாஸ்தா. பேச்சு முற்றி, அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார். தெருவில் வைத்து அவர்மேல் தொப்பியை வீசியடித்தாள் யூனா. ஆனால் ஒரு வார்த்தைக்காகக் கல்யாணத்தையே நிறுத்திய அந்தக் கிறுக்கனை அன்றைக்குத்தான் அவளுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. அப்புறம் நாளைக்கு, அடுத்த மாதம் என்று காலம் ஓடிவிட்டது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரில் தொண்டையைச் செருமினாள். வின்ஸ்லோவின் தங்கை; தேவாலயப் பாடகர் குழுவில் முதல் வரிசை. யூனாவை இன்றுவரை 'மிஸ் யூனா' என்றுதான் கூப்பிடுவாள்.

"தோழின்னு போட்டுடு தம்பி. மரியாதையாவும் இருக்கும்."

"தோழியா?" இஸ்திரிப்பெட்டி நின்றது. "உங்கண்ணன் ஜட்டியை இத்தனை வருஷம் தோழியா துவைச்சாள்?"



"'யூனாவை விட்டுச் சென்றார்'னு மட்டும் போட்டா?" என்றான் டெக்ஸ்டர்.

"விட்டுட்டுப் போறவரா அவரு? ரொட்டி வாங்கப் போனாக்கூட என்னையும் இழுத்துக்கிட்டுப் போற மனுஷன்டா."

யூனா தேய்த்த காலரையே மறுபடி தேய்த்தாள்.

"என் பேரே வேணாம். வெட்டிடு," என்றாள் கடைசியில். "கடைசிச் சேதியில தப்போட அவரை அனுப்ப வேணாம்."

டெக்ஸ்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். வெட்டவும் மனம் வரவில்லை.

"எழுது," என்றாள் பெரில். "'என் அண்ணன் மனைவி யூனா கடைசிவரைக்கும் அவர் பக்கத்தில் இருந்தார்.'"

"யார் சொன்னதுன்னு..."

"நான் சொன்னேன். கூடப்பிறந்த தங்கை பெரில் ஃபோர்டைஸ் சொன்னாள்னு முழுப் பேரைப் போட்டு எழுது. இவ்வளவு நாள் சொல்லாம இருந்ததே தப்பு."

யூனா திரும்பிப் பார்க்கவில்லை. டெக்ஸ்டர் ஆங்கிலத்தில் தட்டி, போனை அவளிடம் நீட்டினான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"கமா எங்கடா?"

"எங்க ஆன்ட்டி?"

"'மனைவி'க்கு அப்புறம் ஒண்ணு, என் பேருக்கு அப்புறம் ஒண்ணு. இங்கிலீஷ்ல கமா இல்லாம விட்டா, அவருக்கு இருக்கிற பல மனைவிகள்ல யூனாங்கிற ஒருத்தின்னு அர்த்தம். கமா போட்டாத்தான் ஒரே ஒருத்தி. இதைக்கூடவா அவர் உனக்குச் சொல்லித் தரலை?"

டெக்ஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டையும் போட்டான். அனுப்பிவிட்டுப் படியிறங்கி ஓடினான்.

பெரில் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"நிஜமாவே ஒரே ஒருத்திதானா, அண்ணி?"

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும்," என்றாள் யூனா.

பெரில்தான் முதலில் சிரித்தாள். பிறகு வெகுநேரம் இரண்டு பேருமே கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.