நூற்றுப் பத்து சென்டிமீட்டர்

என் மகள் பிறந்தபோது எடை குறைவு. அதனால் நான் வைத்த பட்டப்பெயர் கால்கிலோ. இப்போது அவளுக்கு ஆறு வயது. ஆள் ஏறிக்கொண்டே போகிறாள், பெயர் மட்டும் ஏறவில்லை.

எங்கள் நகரத்தின் பெரிய பூங்காவில் குழந்தைகளுக்கென்று ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தாழ்வான சுரங்கம் ஒன்றுக்குள் நுழையும். உள்ளே கும்மிருட்டாம். கூரை முழுக்க நட்சத்திரம் மின்னுமாம். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் போய்வந்து அளந்த கதை இது. அன்றிலிருந்து கால்கிலோவுக்குத் தூக்கத்திலும் சுரங்கம்தான். ஆனால் ஒரு விதி உண்டு. கூரை தலையில் இடிக்கும் என்பதால், நூற்றுப் பத்து சென்டிமீட்டரைத் தாண்டியவர்களை ஏற்ற மாட்டார்கள்.

அன்றைக்கே அவளைக் கதவோரம் நிறுத்தி அளந்தேன். நூற்றேழு. "இன்னும் நிறைய இடம் இருக்கு. அவசரமே இல்ல," என்றேன். நான் வேலை பார்ப்பது ஜன்னல் திரைச்சீலை விற்கும் கடையில். அளவு விஷயத்தில் வீட்டில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

எனக்கு வார விடுமுறை செவ்வாய். அவளுக்குப் பள்ளி விடுமுறை ஞாயிறு. என் மனைவி நர்ஸ். அவளுக்கு விடுமுறை என்றைக்கு என்பது மருத்துவமனைக்கே தெரியாது. அதிசயமாக அந்த வார ஞாயிறு அவளுக்கு ஓய்வு. நான் முதலாளியிடம் போனேன்.

"இந்த ஞாயிறு மத்தியானத்துக்கு மேல போய்க்கோய்யா," என்றார், உடனே.

உடனே ஒத்துக்கொள்கிறவரிடம் இன்னும் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். இருபது வருடமாகக் கடைத்தெருவில் நான் கற்ற பாடம் அது. "முழு நாள்னா சொல்லுங்க முதலாளி. அரை நாள் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். நாலடி, மெதுவாக, சந்தையில் கால்கிலோவின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது போலவே. வாங்க வந்தவர்கள் இப்படி நடந்தால் நான் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறேன்!

முதலாளி கூப்பிடவில்லை. அரை நாளும் போயிற்று.

"குடுத்ததை வாங்கிட்டு வராம, அங்க போய் என்ன பேரம்?" என்றாள் மனைவி.

"அடுத்த ஞாயிறு பாரு, முழுசா வாங்கிட்டு வரேன்."

அடுத்த ஞாயிறு வேறொரு நர்ஸுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த ஞாயிறு மழை; ரயிலுக்கு ரப்பர் உறை போட்டுவிட்டார்கள். அதற்கும் அடுத்து, கடையில் தள்ளுபடி விற்பனை. ஒவ்வொரு ஞாயிறும் கால்கிலோவே டேப்பை எடுத்துக்கொண்டு வந்து கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள். மூச்சைக்கூட விடமாட்டாள்.

"எவ்வளவுப்பா?"

"நூத்தியெட்டரை."

"பால் குடிக்கறத நிறுத்திடவா?"

"அடி போடி. அதெல்லாம் இடம் இருக்கு."

இப்படியே நாலு மாதம் ஓடி, கடைசியில் ஒரு ஞாயிறு எல்லாம் கூடிவந்தது. கிளம்பும் முன் அளந்தேன். நூற்றொன்பது. இரண்டு பேருந்து மாறி, தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் தூக்கிக்கொண்டு, ரயில் வாசலில் முக்கால் மணிநேரம் வரிசையில் நின்றோம். வாசலுக்குக் குறுக்கே ஒரு மரச்சட்டம். தலை படாமல் அதன் கீழே போக வேண்டும். பக்கத்தில் சீருடை போட்ட ஒரு பெண்.

சட்டம் கால்கிலோவின் நெற்றியில் போய் முட்டியது.

"ஷூவைக் கழட்டுறோம்மா," என்றேன். கழற்றினாள். உச்சிமுடி இடித்தது.

"முடியை வேணா அழுத்தி விடுறேன்."

அழுத்தினேன். மண்டை இடித்தது. கால்கிலோ முழங்காலை மடக்கினாள். "நேரா நில்லு கண்ணு," என்றாள் அந்தப் பெண், கோபமில்லாமல்.

"ஒரு விரல்தானேம்மா. வீட்ல அளந்தப்போ சரியா இருந்துச்சு. கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க."

"சுரங்கத்துக்கிட்ட நீங்களே பேசுங்க சார். அது ஒரு விரல் விட்டுக்குடுத்தா நானும் விட்டுக்குடுக்கிறேன்."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "எந்த டேப்பால அளந்தீங்க? கடையில தூக்கிப் போட்டாங்களே, அதா?"

அதேதான். பத்து வருடம் பலரும் இழுத்து இழுத்துத் தொய்ந்துபோன டேப் அது. இரண்டு சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். அதால் ஜன்னலை அளந்துவிட்டு, கடையில் இரும்புக் கோலால் துணி வெட்டினால் திரை குட்டையாகிவிடும். குட்டையான திரைகளில் ஒன்று எங்கள் வீட்டு ஜன்னலிலேயே இரண்டு விரல் தூக்கிக்கொண்டு தொங்குகிறது. தினமும் காலையில் அந்த இடைவெளியில்தான் வெயில் என் கண்ணில் குத்துகிறது. தெரியாத விஷயமா? அது சொன்ன அளவு பிடித்திருந்தது, அதனால் நம்பினேன். முதலாளி கொடுத்த அந்த அரை நாளிலேயே அவள் நூற்றொன்பதுதான். அன்று வந்திருந்தால் நிமிர்ந்தபடி உள்ளே போயிருப்பாள்.

இனி என்னிடம் ஒரே ஒரு வித்தைதான் பாக்கி. "சரி, வேண்டாம் விடுங்க," என்று கால்கிலோவின் கையைப் பிடித்துத் திரும்பி நடந்தேன். ஒரு அடி. இரண்டு. மூன்று.

"அடுத்த குழந்தை வாம்மா," என்றது பின்னாலிருந்து குரல்.

ரயில் ஊதியது. மனைவி ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நான் நடையைக் கூட்டினேன். அந்தச் சத்தம் காதில் விழாத தூரத்துக்குப் போய்விட்டால் போதும் என்றிருந்தது.

கால்கிலோ என் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அப்பா, மெதுவா நடங்க," என்றாள் ரகசியமாக. "கூப்பிடுவாங்க."

குனிந்து பார்த்தேன். கூப்பிடும்போது சரியான உயரத்தில் இருக்க வேண்டுமே என்று, இன்னும் முழங்காலை மடக்கியபடியே நடந்து வந்துகொண்டிருந்தாள்.

நான் மெதுவாக நடந்தேன்.