பக்கத்துக் கூண்டில் நம் பாட்டு

என் பெயர் டெவின் பெருமால், வயது இருபத்துமூன்று, பரமாரிபோவில் இருக்கிறேன். இது புது நம்பர், அதனால்தான் பெயர் சொல்லித் தொடங்குகிறேன். கை முழுக்க சிமென்ட். நான் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. வீட்டில் யார் எடுத்தாலும் கடைசி வரை படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வென்டல் அப்பாவிடம் சொல்லியிருப்பான். அவன் சொன்னது அவன் பக்கம். என் பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

அப்பா கயானாவிலிருந்து நம் பறவை மாஜிஸ்ட்ரேட்டைப் படகில் அனுப்பிவைத்தபோது இந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது. கூண்டைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "டோவா-டோவாவா? எந்தப் பக்கத்துது? பாடுமா?" என்று கேட்டார். வேலை இடத்தில் மேஸ்திரி அன்றைக்குத்தான் என் பெயரையே கேட்டார். இங்கே ஆண்கள் பேங்குக்குப் போனாலும் கூண்டோடுதான் போகிறார்கள். கையில் பாடுகிற பறவை இருந்தால் நீ ஒரு ஆள்.

மாஜிஸ்ட்ரேட் காலையில் பாடும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். மூன்று விசில், ஒரு நீள இழுப்பு, கடைசியில் நம் பின்கதவுக் கீல் மாதிரி ஒரு கிறீச். அந்தக் கிறீச் வேறு எந்தப் பறவைக்கும் கிடையாது.

அடுத்த அறையில் இருப்பவன்தான் வென்டல். பெட்ரோல் பங்கில் வேலை, எப்போதும் சிரிப்பு, எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். அவன் ஒரு குஞ்சு வாங்கிவந்தான். இன்னும் கறுப்புகூட ஏறாத பழுப்புக் குஞ்சு, பெயர் பட்டன். அதையும் அதே கூரை இறவாணத்தில், என் கூண்டுக்குப் பக்கத்திலேயே மாட்டினான்.

"அது என்ன பாடும்?" என்றேன்.

"இப்பத்திக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். காது மட்டும் இருக்கு."

அந்தக் காதுதான் எனக்கு வினை. கொஞ்ச நாளில் பட்டன் முணுமுணுக்க ஆரம்பித்தது. முதலில் விசில், பிறகு இழுப்பு. ஒரு நாள் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே பாட்டு கேட்டது.

"ஆஹா," என்றார் அப்பா. "மாஜிஸ்ட்ரேட் இன்னைக்கு என்னா சுத்தமாப் பாடுறான்!"

"அது மாஜிஸ்ட்ரேட் இல்லப்பா. பக்கத்து ரூம்காரன் குஞ்சு."

"குஞ்சா? டேய், நம்ம கிறீச்சையும் போடுதேடா! நம்மள விட நல்லாவே போடுதே. யாருடா அந்தப் பையன்? கெட்டிக்காரன்."

இரண்டு வருஷமாகச் செங்கல் தூக்குகிறேன், அப்பா என்னை ஒரு தடவை கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. அன்றைக்கே மாஜிஸ்ட்ரேட்டை உள்ளே கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் வைத்து, கூண்டுக்கு மேல் என் கறுப்புச் சட்டையைப் போட்டு மூடினேன். இனி திருட முடியாதல்லவா?

வென்டல் கதவைத் தட்டினான். "என்ன மச்சான், ஒன் பறவைக்குக் காய்ச்சலா?"

"வெயில் ஒத்துக்கல."

"வெயில் ஒத்துக்காத டோவா-டோவாவா? அப்ப அதுக்கு நாலு ஐஸ்கட்டி வாங்கிக் குடு."

மாஜிஸ்ட்ரேட் பாடுவதை நிறுத்தியது. புல்விதை தின்னும், தண்ணீர் குடிக்கும், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வெளியே பட்டன் நம் பாட்டை விடிந்ததிலிருந்து பாடியது. நான் தலையணையால் காதை மூடிக்கொண்டு படுத்தேன்.

அப்பாவுக்கு விஷயம் எட்டியது. "ஞாயித்துக்கிழமை மைதானத்துப் போட்டியில அவன் பாடலேன்னா, படகுக்கார மூட்டூவோட படகுல திருப்பி அனுப்பிரு. அங்க கெடந்து அவன் ஊமையாகறதுக்கு நான் வளக்கல" என்றார். பறவை போய்விட்டால் நான் மறுபடியும் யாருமில்லை. அது அப்பாவுக்குத் தெரியுமா தெரியவில்லை.

ஞாயிறு காலை மைதானத்தில் கம்புகள் நட்டிருந்தார்கள். இரண்டிரண்டு கூண்டாக எதிரெதிரே மாட்டுவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவர் பலகையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போடுவார். எனக்கு எதிரே ஒரு மீன் வியாபாரியின் பறவை. அது பாடித் தள்ளியது. மாஜிஸ்ட்ரேட்டின் பலகையில் ஒரு கோடுகூட இல்லை.

"கயானாக்காரன் பொம்மையக் கொண்டாந்துட்டான்டா!" என்று எவனோ கத்தினான். மேஸ்திரியும் அங்கே நின்று சிரித்தார்.

வென்டல் பட்டனோடு வந்தான். "என் கூண்டுக்குப் பக்கத்துல மாட்டு மச்சான். போட்டி வேணாம், சும்மா."

"ஒண்ணும் தேவையில்ல."

"அதுக்குச் சண்டைக்குத் தெரிஞ்ச ஆள் வேணும்டா. ஆளே இல்லாம எவன் பாடுவான்?"

எனக்கு அவன் தயவு வேண்டாம். ஆனால் படகு கண்முன்னே தெரிந்தது. மாட்டினேன்.

பட்டன் தொடங்கியது. மூன்று விசில், இழுப்பு, கிறீச். மாஜிஸ்ட்ரேட் தலையைத் திருப்பியது. கழுத்து முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. அதன் பாட்டை, அதன் முகத்துக்கு எதிரே, ஒரு பழுப்புப் பொடியன் பாடுகிறான். கம்பி மேல் தாவி வந்து அலகால் ஒரு கொத்து. பிறகு வாயைத் திறந்தது பாருங்கள்! பட்டன் ஒன்று பாடினால் இது இரண்டு பாடியது. அந்தக் கோபம் எனக்கு நன்றாகப் புரிந்தது. "போடு, போடுடா!" என்று நான் என்னை அறியாமல் கத்தினேன்.

மேஸ்திரி வந்து என் தோளைத் தட்டினார். ஆக, மாஜிஸ்ட்ரேட் படகில் ஊருக்குத் திரும்பி வரவில்லை. அலமாரிக்குப் பின்னாலும் இல்லை. இறவாணத்தில் பட்டனுக்குப் பக்கத்தில் மறுபடி மாட்டிவிட்டேன். வேறு வழியில்லை, அந்தக் குஞ்சு இல்லாமல் இது பாடாது.

ஆனால் அங்கேயே, மைதானத்திலேயே, வென்டல் என்னிடம் அப்பா நம்பரைக் கேட்டு வாங்கிப் போன் போட்டான். "பெரியப்பா, ஒங்க பாட்டுதான் இன்னைக்கு ஊரையே தூக்கிருச்சு!" என்றான். பெரியப்பாவாம்! அப்பா அவனோடு சிரித்துச் சிரித்துப் பேசினார். பறவைக்கு என்ன தீனி, எப்போது குளிக்கவிடுவது, எல்லாம் அவனுக்குச் சொன்னார். நான் பக்கத்திலேயே இரண்டு கூண்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் என் கைக்கு வரும்போது சார்ஜ் தீர்ந்துவிட்டது. நேற்றும் அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

இதை யார் படிக்கிறீர்களோ, அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். இதுதான் என் நம்பர். அடுத்த ஞாயிறு முதலில் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவனை அப்புறம் கூப்பிடட்டும்.