எட்டு மட்டும் வேண்டாம்

கார்ட்லெஸ் போனின் அடிப்பக்கம் இருந்த சின்னஞ்சிறு திருகாணியைக் காட்டி, "இதுல ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் நம்பர் இருக்கு அண்ணாச்சி, எதுல வைக்கட்டும்?" என்று இன்பமணி கேட்டபோது, திருஞானசம்பந்தம் கண்களை மூடிக்கொண்டார். சார்பதிவாளராக இருந்த முப்பத்தோரு வருஷமும், பெரிய பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் இப்படித்தான் மூடுவார். வெளியே வராந்தாவில் நாற்பது பேர் மூச்சு விடாமல் நிற்பார்கள். இப்போது அவர் கையெழுத்துக்குக் காத்திருப்பவர் தபால்காரர் ஒருவர்தான். அவரும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை.

"அஞ்சு" என்றார் கண்ணைத் திறந்து. "ஐந்தெழுத்து. நமச்சிவாய."

வண்ணார்பேட்டையில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் இன்பமணி தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, கம்பி இல்லாததுனால பேச்சு காத்துலல்லா போவுது. பக்கத்துல எவனும் அதே நம்பர்ல வச்சிருந்தாம்னா அங்கன பேசுதது இங்கன கேக்கும். உங்க தெருவுல எல்லாரும் அஞ்சுதான் கேக்காவ. எட்டை ஒருத்தரும் சீண்ட மாட்டேங்காவ. எட்டுல வச்சா பூட்டுப் போட்ட மாரி."

"சனியோட நம்பர்லயா என்னைப் பேசச் சொல்லுதே? வார ஞாயித்துக்கிழம எனக்கு எலெக்ஷன்லே!"

எலெக்ஷன் சட்டசபைக்கு அல்ல, தெருவின் சைவ சபைக்கு. மொத்தம் நாற்பத்தோரு ஓட்டு. ஜெயித்த தலைவருக்குச் சபையிலேயே கை வைத்த ஒரே நாற்காலி கிடைக்கும். வாசலில் பித்தளைப் பலகை மாட்டிக்கொள்ளலாம். பலகைக்கு ஆணிகூட அடித்தாகிவிட்டது. எதிர்த்து நின்றவர் நேர் எதிர்வீட்டுக் குமரகுருபரன், ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். ஆறு வருஷம் முன்பு அவர் கார் திரும்புகையில் இவர் வாசல் கோலத்தில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து பேச்சில்லை. இருமல் மட்டும் உண்டு. இவர் வெளியே வந்தால் அவர் இருமுவார், மூன்று தவணையாக, கல்லூரி மணி அடித்த மாதிரி.

புதுப் போனின் ஏரியலை முழுசாக இழுத்துவிட்டுக்கொண்டு, தெரு பார்க்கட்டுமே என்று மொட்டைமாடிக்குப் போய்க் காதில் வைத்தார். உள்ளே அதே இருமல். மூன்று தவணை. பிறகு குமரகுருபரனின் குரல் யாரிடமோ சொன்னது: "அந்த ரிஜிஸ்தர் ஆபீஸ்காரனா? முத்திரை குத்தத்தான் தெரியும், பேசத் தெரியாதுவே."

திருஞானசம்பந்தத்துக்கு உடம்பு எரிந்தது. ஆனாலும் போனைக் கீழே வைக்க மனசு வரவில்லை. அன்றிலிருந்து குளிக்கிற நேரம் போக ரிசீவர் காதிலேயே இருந்தது. எதிரி யாருக்குச் சால்வை வாங்குகிறான், யார் வீட்டுக்கு எப்போது போகிறான் என்பதெல்லாம் வந்து விழுந்தது. ஐந்தெழுத்தின் அருள் என்று நெற்றியில் கூடுதலாகத் திருநீறு பூசிக்கொண்டார்.

மனைவி ராஜராஜேஸ்வரி மூன்றாம் நாள் சாம்பார் ஊற்றும்போது கேட்டாள். "ஏங்க, அவுக பேசுதது நமக்குக் கேட்டா, நாம பேசுதது அவுகளுக்குக் கேக்காதா?"

"நீ கொழம்பைப் பாத்து ஊத்து. அவன் வாங்கினது பழைய மாடல்."

அன்று மத்தியானமே சேரன்மகாதேவியிலிருக்கும் மைத்துனருக்குப் போன் போட்டு, ஜெயிப்பு எப்படி என்று விளக்கினார். "ஐயம்பெருமாளுக்கு ஒரு துண்டைப் போத்தினாப் போதும், வாலாட்டுவான். மேலவளவு வீட்டுக்காரவுக ஒம்பது பேரும் ஆட்டுமந்தை. சபைச் செயலாளர் ஆவுடைநாயகமா? அவன் ஒரு காபிக்கு ஓட்டை வித்துருவான்." மைத்துனர் சிரித்தார். கூடவே யாரோ இருமிய மாதிரி இருந்தது. சேரன்மகாதேவியில் தூசி அதிகம் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வழக்கம்போலக் காதில் வைத்தார். குமரகுருபரன் நிதானமாக, பாடம் எடுக்கிற குரலில் வாசித்துக்கொண்டிருந்தார். தாள் புரளும் சத்தம்கூடக் கேட்டது. "ஐயம்பெருமாள் வாலாட்டுவானாம். மேலவளவு ஆட்டுமந்தையாம். ஆவுடைநாயகம், உம்மளைப் பத்தியும் குறிச்சு வச்சிருக்கேன்வே. ரெண்டு காபி குடுத்தா ஓட்டை வித்துருவீராம்."

"பொய்!" என்று ரிசீவருக்குள் கத்தினார் திருஞானசம்பந்தம். முப்பத்தோரு வருஷம் பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிசகையும் விட்டதில்லை அவர். "நான் எங்கவே ரெண்டுன்னேன்? ஒரு காபின்னுல்லா சொன்னேன்!"

கம்பியில்லாக் காற்றில் ஆவுடைநாயகத்தின் குரல் மெலிசாக வந்தது.

"ஒரு காபிதானா அண்ணாச்சி?"

ஆவுடைநாயகம் போனை வைத்துவிட்டார்.

மிச்சமுள்ள முப்பத்தொன்பது ஓட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல இன்னும் ஒரு பகல் இருந்தது. அதையும் எதிர்வீட்டான் கேட்டுக் குறித்துக்கொள்ளக் கூடாது. ராஜராஜேஸ்வரி கொண்டையிலிருந்து ஊசியை உருவி நீட்டினாள். அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, போன் வைக்கும் பெட்டியிலும் ரிசீவரிலும் திருகாணியை ஆறு, ஏழு என்று நகர்த்தினார். ஏழில் ஒரு நிமிஷம் நின்றார். எட்டு.

பெட்டியை வைத்துவிட்டு மாடிக்கு ஏறி, ஏரியலை அரைவாசி மட்டும் இழுத்துக் காதில் வைத்தார்.

எதிர்மாடியில் வேட்டியை மடித்துக் கட்டியபடி குமரகுருபரன் நின்றார். ஒரு கையில் போன், மறு கையில் வெயிலில் மினுங்கும் கொண்டை ஊசி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காதுக்குள், மூன்று தவணையாக, இருமல் கேட்டது.