கேட்டுக்குப் பொட்டு வைத்த நாள்

பல்லடம் ரோட்டில் கிட்டுசாமி திறந்த துணிக்கடையில் முதல் பூஜை பிள்ளையாருக்கு நடக்கவில்லை. திருட்டைப் பிடிக்கும் கேட்டுக்குத்தான் நடந்தது. வாசலின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்ற வெள்ளைப் பலகைகளுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நடுவில் பூசணிக்காய் உடைத்தார்கள். இதற்கு எந்த மந்திரம் என்று ஐயருக்குத் தெரியவில்லை. புது லாரிக்குச் சொல்வதையே சொல்லிவிட்டார்.

"இந்த மாதிரி கேட்டு கோயமுத்தூர்லயே நாலு கடையிலதானுங்க இருக்குது" என்று மைக்கில் சொன்னார் கிட்டுசாமி. போன வாரம் பத்துக் கடை என்றிருந்தார். எண்ணிக்கை சுருங்கச் சுருங்கத்தானே பெருமை பெருகும்.

அடுத்து மைக்கைப் பிடித்தது மகன் தரணீதரன். வெளியூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்தவன், கேட்டு அவன் யோசனை. "பில் போடாம ஒரு கர்ச்சீப் வெளிய போனாலும் கத்திருமுங்க. மனுசன் பொய் சொல்லுவான். மெஷின் சொல்லாது." கடைசி இரண்டு வாக்கியங்களை, கடைப் பெண்களுக்கு நடந்த மூன்று நாள் ட்ரெய்னிங்கில் காலையும் மாலையும் எழுந்து நின்று சொல்ல வைத்திருந்தான்.

முன்வரிசையில் பையிங் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் கைதட்டினார்கள். வெளிநாட்டு ஆர்டர்களைக் கிட்டுசாமிக்குப் பிடித்துக் கொடுப்பவர்கள் அவர்கள். அவர்கள் தட்டினால் மற்றவர்களும் தட்டித்தானே ஆகவேண்டும்.

நாகஜோதியும் தட்டினாள். அவள் கண் கேட்டில் இல்லை, பில்லிங் கவுண்டரில் இருந்தது. அங்கே கடை யூனிபாரத்தில், கொண்டை போட்டு, உதட்டுக்கு லேசாகச் சாயம் பூசி நின்றது அவள் மகள் ஜனனி. கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து, மண்ணரையில் கிட்டுசாமியின் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக மெஷின் மிதிக்கிறாள் நாகஜோதி. பஞ்சுத் தூசியில் அவளுக்கு வந்த இருமல் மகளுக்கு வந்துவிடக் கூடாது. பி.காம். படிக்க வைத்தது அதற்கு. சின்னவர் தரணீதரனிடம் நாலு தடவை போய் நின்று இந்த வேலையைக் கேட்டு வாங்கியதும் அதற்குத்தான். இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் போதாது என்று கம்பெனியிலிருந்து இருபது பேரை வேனில் ஏற்றி வந்திருந்தார்கள். பின்பக்கம் குடோன் கதவு வழியாக உள்ளே விட்டு, ஆளுக்கு ஒரு ஜாங்கிரி கொடுத்து, கடைப்பெயர் போட்ட காகிதப் பை ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். பைக்குள் கசக்கிய செய்தித்தாள். வாங்கிய துணியோடு சிரித்தபடி முன்வாசல் வழியாக வெளியே போகவேண்டும், வீடியோக்காரர் எடுப்பார். பதினெட்டு வருஷம் துணி தைத்தவர்கள் அரைமணி நேரம் துணி வாங்கியவர்களாக நடிக்க, அன்றைக்கு ஒரு ஷிப்ட் கூலி.

"நாகஜோதியக்கா, நீங்க மொதல்ல போங்க. உங்க மூஞ்சி சிரிச்ச மூஞ்சி" என்றான் தரணீதரன்.

அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். ஒரு கையில் காகிதப் பை, தோளில் அவளுடைய சொந்தத் துணிப்பை. பலகைகளுக்கு நடுவில் கால் வைத்தாள்.

கேட்டு கத்தியது.

சாதாரணக் கத்தல் இல்லை. மில் சங்கு ஊதுகிற மாதிரி, சிவப்பு விளக்கு சுழல. மைக்கில் பேசிக்கொண்டிருந்த வியாபாரிகள் சங்கத் தலைவர் 'நேர்மை' என்ற சொல்லோடு நின்றுவிட்டார். வீடியோக்காரர் மட்டும் தொழில் தெரிந்தவர். கேமராவை நாகஜோதியின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அக்கா, அப்படியே நில்லுங்க" என்று ஓடிவந்தான் செக்யூரிட்டி சுரேஷ். "பொம்பளைங்க பையை நான் தொடக்கூடாதுங்க. ரூல்ஸ். பில்லிங் மேடம்தான் பாக்கணும்."

பில்லிங் மேடம் வந்தாள். வெளிறிப்போன முகத்தோடு அம்மாவின் தோளிலிருந்து பையைக் கழற்றியபோது காதோடு சொன்னாள்:

"அம்மா, எடுத்திருந்தாக் குடுத்துரும்மா. நான் பேசிக்கிறேன்."

கேட்டின் கத்தலில் அது யார் காதிலும் விழவில்லை. விழ வேண்டிய காதில் விழுந்துவிட்டது.

ஜனனி பையைக் கவுண்டரில் கொட்டினாள். நூல் வெட்டுகிற ட்ரிம்மர், இருமல் மருந்து, ஓரம் கிழிந்த பர்ஸ், கூட்டமெல்லாம் எட்டிப் பார்க்க, டிஷ்யூ காகிதத்தில் சுற்றிய ஜாங்கிரி.

"மூணு இருக்குதுங்க" என்றான் சுரேஷ். ஆளுக்கு ஒன்று என்பது அவனுக்குத் தெரியும்.

யாரோ சிரித்தார்கள். நாகஜோதிக்குக் காது மடல் எரிந்தது. அவளுடைய பங்கைத் தின்னாமல் எடுத்து வைத்தது ஒன்று. பக்கத்தில் நின்ற மூக்கம்மாள் சர்க்கரை வியாதிக்காரி, கொடுத்தது ஒன்று. மூன்றாவதுக்கு அவளிடம் விளக்கம் இல்லை. வீட்டில் இருக்கிற புருஷன் ஜெயபாண்டிக்கு ஜாங்கிரி என்றால் உயிர், அவ்வளவுதான் விளக்கம்.

"இனிப்புக்கெல்லாம் கத்தாது. துணி எங்கே?" என்றான் தரணீதரன். "கேட்டு வழியா மறுபடி வரச் சொல்லு."

வெறுங்கையோடு நடந்தாள். கேட்டு சும்மா இருந்தது. காகிதப் பையைக் காட்டினார்கள், சும்மா இருந்தது. சுரேஷ் காலித் துணிப்பையை மட்டும் தூக்கி நீட்டினான். வீறிட்டது.

காலிப் பையைப் பார்த்துக் கேட்டு அலறியபோதுதான் நாகஜோதிக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் பெரிய நிம்மதி வந்தது. அந்த நிம்மதியில் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டாள்.

"மொதலாளி, இந்தப் பையே நம்ம கம்பெனிச் சட்டைதாங்க. தீவாளிக்கு எல்லாத்துக்கும் குடுத்தீங்கள்லா, அது. வாஷ்கேர் லேபிளுக்குள்ள ஒரு பட்டை வச்சுத் தைக்கச் சொன்னாங்க, சென்சாருன்னு. நாந்தான் தச்சேன். அதுதாங்க கத்துது."

பையைப் புரட்டி, ஓரத் தையலில், துவைக்கும் முறை அச்சடித்த வெள்ளை லேபிளைக் காட்டினாள்.

அந்தச் சட்டைக்கு ஒரு கதை உண்டு. கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், முன்வரிசைக்கு மட்டும் தெரியாது. தையல் கோணல் என்று, பையிங் ஆபீஸ் பிடித்துக் கொடுத்த வெளிநாட்டு பையர் திருப்பிய சரக்கு அது. அவன் பெயர் போட்ட சட்டை வெளியே போகக் கூடாது, எரித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். எரித்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்து போட்டோவும் அனுப்பினார்கள். போட்டோவில் எரிந்தது கட்டிங் வேஸ்ட். சட்டைகள் கழுத்து லேபிள் மட்டும் அறுபட்டு, தீபாவளிக்குத் தொழிலாளர்களிடம் வந்தன, ஒரு நீண்ட சொற்பொழிவோடு. வெள்ளைக்கார அளவு. ஜெயபாண்டி அதற்குள் புகுந்தால் வழி கேட்டுத்தான் வெளியே வரவேண்டும். அதனால் நாகஜோதி அதைப் பையாகத் தைத்தாள். லேபிளை வெட்டினால் ஓரத் தையல் பிரியுமே என்று அப்படியே விட்டாள். தையல்காரி புத்தி.

பையிங் ஆபீஸ்காரர்களில் ஒருவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "என்ன லேபிள் அது? கொஞ்சம் காட்டுங்க."

கிட்டுசாமி மகனைப் பார்த்தார். எம்.பி.ஏ.வில் இந்தப் பாடம் வரவில்லை போலிருக்கிறது. மகன் கேட்டைப் பார்த்தான். கிட்டுசாமி எட்டாவதோடு நின்றவர். மைக்கைப் பிடுங்கினார்.

"பெரியோர்களே! இப்ப நீங்க பாத்தது டெமோ! வெறும் டெமோ! நம்ம கேட்டு எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறதுக்கு நம்ம கம்பெனி அம்மிணி ஒருத்தரையே ஏற்பாடு பண்ணியிருந்தோமுங்க. எப்படி நடிச்சாங்க பாத்தீங்களா! நானே பயந்துபோயிட்டேன்! பையை இப்படிக் குடு அம்மிணி."

பை அவர் கைக்குப் போய், அங்கிருந்து தரணீதரன் கைக்குப் போய், கவுண்டருக்கு அடியில் மறைந்தது. கைதட்டல் எழுந்தது. பையிங் ஆபீஸ்காரர் பாதி எழுந்தபடியே நின்றார். கூட்டம் முழுக்கத் தட்டுகிறதே என்று அவரும் ஒரு தட்டுத் தட்டி உட்கார்ந்தார். சங்கத் தலைவருக்கு என்று வாங்கி வைத்திருந்த பொன்னாடை நாகஜோதியின் தோளில் விழுந்தது. சங்கத் தலைவரே போர்த்தினார், கொஞ்சம் வருத்தத்தோடு.

அதற்குள் தரணீதரனுக்கு இன்னொன்று உறைத்தது. இருபது பேரில் எட்டுப் பேர் தீபாவளிச் சட்டையைத்தான் போட்டு வந்திருந்தார்கள். முதலாளி விழாவுக்கு முதலாளி கொடுத்த சட்டை. அது ஒரு மரியாதை. அவன் சுரேஷைக் கூப்பிட்டு, "கம்பெனி ஆளுங்க எல்லாம் குடோன் வழியாப் போகட்டும். ஒருத்தரும் முன்னாடி போகக்கூடாது" என்றான்.

குடோன் கதவருகில் வேனுக்காக நின்றபோது ஜனனி பின்னாலேயே ஓடிவந்தாள். கையில் டிஷ்யூ பொட்டலம். முகம் தெளிந்திருந்தது.

"ஏம்மா, டெமோன்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? உயிரே போயிருச்சு எனக்கு. சின்னவர் என்னைத்தான் பாராட்டினாரு, தெரியுமா? சொந்த அம்மான்னுகூடப் பாக்காம ரூல்ஸ்படி செக் பண்ணினேனாம். வேலை கன்பார்ம்னுட்டாரு."

நாகஜோதி மகளைப் பார்த்தாள். உதட்டுச் சாயம் ஒரு பக்கம் அழிந்திருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேனில் ஏறியிருக்கலாம்.

"டெமோ இல்லட்டி."

ஜனனி குடோன் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"நீ படிச்சவ. காலிப் பை கத்துறப்பவே ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்மா" என்றாள் ஜனனி, மெதுவாக. "மொதலாளி டெமோன்னு சொல்லிட்டாருல்ல. அப்படியே இருக்கட்டும்னு பாத்தேன்."

"அது இருக்கட்டும். மொதல்ல ஒண்ணு கேட்டியே. எடுத்திருந்தாக் குடுத்துருன்னு."

"மெஷின் பொய் சொல்லாதுன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்கம்மா…"

"மெஷின் பொய் சொல்லலட்டி. எரிச்சதாக் கணக்குக் காட்டுன சட்டை. திருட்டுச் சரக்குன்னு அது கத்துனது நெசந்தான். கையில வச்சிருந்தவளத்தான் எல்லாரும் பாத்தாவ, குடுத்தவரப் பாக்கல. நீயும் பாக்கல."

உள்ளேயிருந்து தரணீதரனின் குரல் கேட்டது: "ஜனனி! கவுண்டருக்கு வாம்மா!"

ஜனனி பொட்டலத்தை அம்மா கையில் திணித்தாள். நாகஜோதி அதைப் பிரித்தாள். ஒரு ஜாங்கிரியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பழையபடி சுற்றி மகளிடமே கொடுத்தாள்.

"அப்பாவுக்கும்மா…"

"ஆளுக்கு ஒண்ணுதான். ரூல்ஸ்."

வேன் வந்தது. வைக்கப் பை இல்லாததால் அவள் ஜாங்கிரியைப் பொன்னாடை நுனியில் முடிந்துகொண்டு ஏறினாள். மண்ணரை வருவதற்குள் சரிகையில் பாகு ஊறிவிட்டது.