காதில் விழாத வரை

வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் சாப்பாட்டு மேஜைமேல் ஸ்ரீனிவாசராகவனின் போன் அடித்தது. அவர் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நீரஜா எட்டிப் பார்த்தாள். பரத்வாஜ் என்று பெயர் வந்தது. போனை எடுக்கப்போன அவள் கை பாதியிலேயே நின்றது.

பரத்வாஜ் அவள் கணவரின் பெரியப்பா பிள்ளை தேசிகனுடைய மகன். தேசிகன் சில வாரங்களாக நந்தனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். இனி பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து போன் வந்தால் அது எந்தச் செய்தியாக இருக்கும் என்பதில் நீரஜாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

பங்காளி சாவு. பத்து நாள் தீட்டு. குளித்துவிட்டு நேரே துக்கம் நடந்த வீட்டுக்குப் போகவேண்டும். அப்புறம் மகளின் பாட்டாவது, படகாவது.

ஆனால் செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண நாளில் முகூர்த்தம் முடியும்வரை சில போன்களை யாரும் எடுக்கமாட்டார்கள். அவள் கல்யாணத்திலேயே ஒரு சாவுச் செய்தி தாலி ஏறும்வரை சமையற்கட்டில் காத்திருந்தது. சொல்ல வந்தவரைக் காப்பி கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அவரும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். அதை யாரும் பாவம் என்று நினைக்கவில்லை, சமயோசிதம் என்றுதான் சொன்னார்கள்.

போன் நின்றது. உடனே மறுபடி அடித்தது. நீரஜா அதன் சத்தத்தை அடக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தன் போனையும் அப்படியே செய்தாள்.

"யாருடீ போன்ல?" துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவர் வெளியே வந்தார்.

"லோன் வேணுமான்னு எவனோ. உங்க போன் என் பையில இருக்கட்டும். படகுல குனிஞ்சேள்னா சட்டைப் பையிலேர்ந்து கடல்ல விழுந்துடும்."

"விழட்டுமே, நிம்மதி," என்றார் அவர். அன்று நல்ல மனநிலையில் இருந்தார்.

அந்த மனநிலைக்காக நீரஜா மூன்று வருஷம் காத்திருந்தாள். அவர்கள் மகள் ஷ்ரேயா கச்சேரி மேடையை விட்டுவிட்டு ஒரு வாத்தியக் குழுவோடு ஓட்டல்களில் பாடப் போனபோது, ஒரு சீமந்தத்தில், பந்தி நடுவில், தேசிகன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நம்மாத்துப் பொண்ணு இப்போ குடிக்கறவா முன்னாடி பாடறாளாம்." ராகவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அதற்குப் பிறகு தேசிகன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள்மேல் எவ்வளவு பாசம் பார் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். நீரஜாவுக்கு மட்டும் தெரியும், தேசிகன் சொன்னது அவர் மனசிலும் இருந்த வார்த்தைதான் என்று. அதை இன்னொருவர் வாயால் கேட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த மூன்று வருஷத்தில் அவரும் ஒருமுறைகூட மகள் பாடிக் கேட்கப் போகவில்லை.

தேசிகன் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ஒருநாள் கிளம்பிப் போனார். கீழே வரவேற்பறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றார். அப்போதுதான் அது தொடங்கியிருக்கும். நீரஜா ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் பல விஷயங்கள் இப்படிக் கேட்கப்படாமலேயே பல வருஷம் கிடக்கும்.

ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்காகப் பாய்மரப் படகொன்றை மாலைக்கு அமர்த்தி, ஷ்ரேயாவைப் பாடக் கூப்பிட்டிருந்தது. அவள் இரண்டு பேரை அழைத்து வரலாம். "கடல்லதானே? தெரிஞ்சவா கண்ணுல பட மாட்டோம். வரேன்," என்றார் ராகவன். "அப்பா நெஜமா வராராம்மா?" என்று ஷ்ரேயா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று நழுவவிட்டால் அவர் மனசு இன்னொரு தடவை இளகுமா என்று நீரஜாவுக்குத் தெரியவில்லை. இறந்தவருக்கு அவசரம் எதுவும் இல்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

படகு துறைமுகத்துக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது. பெரிய வெள்ளைப் பாய் காற்றை வாங்கி விறைத்தது. ராகவன் எழுந்து நின்று அதை அண்ணாந்து பார்த்தார்.

"நைனா, குந்திக்கோ," என்று கத்தினான் பாய்க்கயிற்றைப் பிடித்திருந்த ஆசிஃப். "பாய் திரும்பறச்சே அந்தக் கட்ட மண்டையில வுட்டுச்சின்னா நேரா பட்டினப்பாக்கத்துல போய்த்தான் எந்திருப்ப."

"நீச்சல் தெரியும்பா எனக்கு," என்றார் ராகவன், உட்கார்ந்துகொண்டே.

"தெரியட்டும், யார் வேணான்னது? மண்டைக்கு நீச்சல் தெரியுமா?"

ராகவன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று. அந்தச் சிரிப்பு நீரஜாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

தட்டில் கோப்பைகள் வந்தன. அவர் புதினா போட்ட எலுமிச்சைச் சாற்றை எடுத்துக்கொண்டு, பரிமாறியவனிடம் இரண்டு தடவை விசாரித்தார், இதில் ஒன்றும் கலக்கவில்லையே என்று. நீரஜாவின் கை அதற்குப் பக்கத்திலிருந்த வெளிர்மஞ்சள் கோப்பைமேல் போயிற்று. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றை மறைத்த கைக்கு அடுத்தது எளிதாகத்தான் இருந்தது.

"என்னடீ அது, வாசனை ஒரு மாதிரி இருக்கு?"

"திராட்சை ரசம்."

அவர் அவளையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரசம்னா சரி. சாதம்தான் எங்கேன்னு தெரியலை," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

ஆயுள் முழுக்கக் கடலோரத்தில் இருந்தவர்கள்தான் இருவரும். ஆனால் அவர்களுக்குக் கடல் என்றால் சூரியன் எழும் திசை. கடலிலிருந்துகொண்டு சொந்த ஊரின் பின்னால் சூரியன் இறங்குவதை அவர்கள் பார்த்ததில்லை. கலங்கரை விளக்கமும் சாந்தோம் கோபுரமும் பட்டினப்பாக்கத்துக் கட்டடங்களும் கறுத்து, ஒரே வரிசையாக நின்றன. அவற்றின் இடைவெளிகளில் வெளிச்சம் குங்குமமாக வழிந்தது. மேல்தட்டில் அஃப்தாப் என்கிற பையன் கிடாரை மீட்ட, ஷ்ரேயா பாட ஆரம்பித்தாள். யாரோ எழுதிய புதுப்பாட்டு. ஆனால் உள்ளே நடமாடிய ராகம் நீரஜாவுக்குத் தெரிந்தது. ராகவனின் விரல்கள் முட்டியின்மேல் தாமாகவே தாளம் போடத் தொடங்கின.

காற்று நன்றாக இருந்தது. கோப்பையிலிருந்தது தொண்டையில் இதமாக இறங்கியது. கொஞ்ச நேரம் நீரஜா எல்லாவற்றையும் மறந்தாள். சந்தோஷமாக இருந்தாள் என்றே சொல்லவேண்டும். பிற்பாடு அவளை அதிகம் வதைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மடியிலிருந்த பை அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. துணிக்குள் ஒரு உயிர் புரள்வதுபோல இருந்தது. அவள் பையைக் காலடியில் இறக்கிவைத்தாள். பலகையின் வழியாக அந்த அதிர்வு உள்ளங்காலுக்கு வந்தது.

இத்தனை தடவை ஏன் கூப்பிடுகிறான்?

தகவல் சொல்லவேண்டுமென்றால் உறவுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டால் போதுமே. அவள் தன் போனை மட்டும் எடுத்துக் குழுவைத் திறந்தாள். காலையில் யாரோ போட்ட பெருமாள் படமும் அதற்குக் கும்பிட்ட கைகளும்தான் இருந்தன. ஒரு ஆழ்ந்த இரங்கல் இல்லை. உடலை எப்போ எடுக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்படியென்றால் இது சாவுச் செய்தி இல்லையோ?

கோப்பையை வைத்துவிட்டுப் படகின் பின்பக்கம் போய்த் திரும்பக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே பரத்வாஜ் எடுத்தான்.

"சித்தி! எங்க போயிட்டேள் ரெண்டு பேரும்? மத்தியானத்திலேர்ந்து கூப்பிட்டுண்டே இருக்கேன்."

"அப்பா..."

"அப்பாவுக்கு நன்னா முழிப்பு வந்துது சித்தி. மாஸ்க்கை எடுக்கச் சொல்லிட்டு, ராகவனைக் கூப்பிடு, ஒரு வார்த்தை பேசணும்னார். போனை அவர் காதுலயே வெச்சேன். ரிங் போயிண்டே இருந்துது. மறுபடி போடு மறுபடி போடுன்னார். நாலஞ்சு தடவை அவரே முழுக்கக் கேட்டார், நிக்கற வரைக்கும்." அவன் குரல் தடுமாறியது. "அப்பறம், எடுக்கமாட்டான்டா, விட்டுடுன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிண்டார். இப்போ மறுபடி நெனவில்லை. ட்யூப் போட்டுட்டா. முழிப்பாரான்னு தெரியாதுங்கறா. சித்தப்பா ஒரு தடவை எடுத்திருக்கலாமே சித்தி. என்ன கோவம் இருந்தாலும்?"

"இதோ கூப்பிடச் சொல்றேன்," என்று மட்டும் சொல்லி நீரஜா வைத்துவிட்டாள்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் எங்கோ நந்தனம். அங்கே ஒரு மனிதர் தன் தம்பி எடுக்காத போனைக் காதில் வாங்கியபடி கண்ணை மூடியிருக்கிறார். அவர் அதோடு போய்விட்டால், ராகவன் தன்னை ஒதுக்கிவிட்டான் என்று நம்பிக்கொண்டே போவார். அந்தத் தீர்ப்பை எழுதியது ராகவன் இல்லை.

"இன்னா மாமி, தல சுத்துதா?" ஆசிஃப் பக்கத்தில் வந்து நின்றான்.

"உடனே கரைக்குத் திரும்ப முடியுமாப்பா?"

"உடனேன்னா எப்டி? காத்து எதிர்ல கீது. மடக்கி மடக்கித்தான் போவணும். இருட்டிரும். ஏன், ஒடம்புக்கு எதுனா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லை," என்றாள்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது ராகவன் கண்களை மேல்தட்டிலிருந்து எடுக்கவில்லை. "நன்னாதான் பாடறாடீ," என்றார் தணிந்த குரலில். "நான்தான் கழுதை மாதிரி ஆத்துலயே உக்காந்திருந்துட்டேன்." பிறகு, "நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வரியா? தனியாப் போனா மாடிப்படி ஏற மாட்டேங்கறது கால்."

பாட்டு முடியட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்ததும் முடியட்டும். கரை வரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகூர்த்தம் பார்த்துக்கொண்டே போகலாம். தன் மனசு மறுபடி அதே வேலையைச் செய்வதைப் பார்த்து அவள் பயந்தாள்.

"ஏன்னா," என்றாள். சொன்னாள். லோன்காரன் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்து, பரத்வாஜ் சொன்னது வரை. தேசிகன் கடைசியாகச் சொன்னதையும் விடவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் தாளத்தை நிறுத்தின. அதன்பின் அவர் அவளைத் திட்டவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. ஏன் என்பது அவருக்குத் தெரியும். அவரும் அதே ஊர், அதே வழக்கம். தண்ணீர் படகில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஷ்ரேயா ஒரு சரணத்தை முடித்து இன்னொன்றுக்குப் போனாள். ராகவன் கையை நீட்டினார். நீரஜா அவருடைய போனை அந்தக் கையில் வைத்தாள்.

"பரத்வாஜ், சித்தப்பாடா. அப்பா காதுகிட்ட வை. தெரியும், நெனவில்லை. இருந்தாலும் வை."

யாரிடமோ அனுமதி கேட்கும் குரல். பிறகு யந்திரம் காற்றை ஏற்றி இறக்கும் ஒலி. போன் அவர் காதில் இருந்தும் அது நீரஜாவுக்குக் கேட்டது.

"அண்ணா," என்றார். "ராகவன்." போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். "நான் எடுத்திருக்கணும்."

அவ்வளவுதான். அவள் பெயரை அவர் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை என்று நீரஜாவுக்குப் புரிந்தது. அவளைக் காப்பாற்றுகிறார். ஆனால் அந்த வார்த்தை தேசிகனின் காதில் எப்படிப் போய் விழும்? கூப்பிட்டது தெரிந்தும் எடுக்கவில்லை என்றுதானே?

அவள் அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். அவர் விட்டுவிட்டார்.

"அண்ணா, நான் நீரஜா பேசறேன். அவருக்குத் தெரியாது. போனை நான்தான் மறைச்சு வெச்சேன். நீங்க கூப்பிட்டது அவர் காதுல விழவே இல்லை. விழுந்திருந்தா எடுத்திருப்பார். நாளைக்கு உங்களைப் பாக்க வரணும்னு, நான் சொல்றதுக்கு முன்னாடியே சொன்னார். இது சத்தியம் அண்ணா."

யந்திரம் ஏறி இறங்கியது. அதில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு பரத்வாஜின் குரல், மிகப் பக்கத்தில்.

"ஏன் சித்தி?"

அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். நீரஜா கண்ணை மூடிக்கொண்டாள். "செய்தின்னு நெனச்சுட்டேன்டா."

அவனும் மயிலாப்பூர்ப் பிள்ளைதான். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"சரி சித்தி," என்றான் கடைசியில். கோபமில்லாத, களைத்த குரல். "செய்தி வந்தா நான் மெசேஜ் போட்டுடறேன். போன் பண்ணலை."

வைத்துவிட்டான். மேல்தட்டில் பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். ஷ்ரேயா அந்த அரையிருட்டில் அப்பா எங்கே என்று தேடினாள். ராகவன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, அவள் கண்ணில் படும்படியாகத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். நீரஜாவின் பக்கம் திரும்பவில்லை. ஆசிஃப் கயிற்றை இழுத்தான். பாய் படபடத்து மறுபக்கம் சாய்ந்தது. படகு, காற்றுக்கு எதிராக, கரையை நோக்கி வளைந்து வளைந்து போகத் தொடங்கியது.