ஜெயித்த கட்டு

புகார்க் கடிதம் ஒரே பக்கம்தான். பார் கவுன்சில் ஒழுங்குக் குழு அதை எனக்கு அனுப்பி, பதினைந்து நாளுக்குள் பதில் கேட்டிருந்தது. இருபத்து மூன்று வருஷ வக்கீல் வாழ்க்கையில் என்மேல் வந்த முதல் புகார். போன வருஷம்தான் சங்கக் கூட்டத்தில், கட்சிக்காரர்களிடமிருந்து புகார் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு வந்திருந்தேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

எழுதியவர் ஒரு லிப்ட் மெக்கானிக். மனைவியைப் பிரிந்து வாழ்பவர். ஏழு வயது மகளை வாரம் ஒருமுறை பார்க்க அனுமதி கேட்டு, என் மூலம் வழக்குப் போட்டிருந்தார். கடிதத்தில் வசவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். 'என் வழக்கு ஜெயித்து ஐந்து மாதம் ஆகிறது. வக்கீல் என்னிடம் சொல்லவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தார்.

குமாஸ்தாவைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஸ்டூலில் ஏறி, அலமாரியின் உச்சித் தட்டிலிருந்து ஒரு வழக்குக் கட்டை இறக்கித் தூசி தட்டினார். உத்தரவு உள்ளே பத்திரமாக இருந்தது. சனிக்கிழமைதோறும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, நீதிமன்றச் சந்திப்பு அறையில் தகப்பன் மகளைப் பார்க்கலாம்.

"ஜெயிச்ச கட்டும்மா. அதான் மேல போயிடுச்சு."

எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. தோற்றால் அன்றைக்கே கட்சிக்காரருக்குப் போன் போட்டுவிடுவோம், அப்பீலுக்கு நாள் ஓடுமே. தோற்ற கட்டு என் மேஜையிலேயே கிடந்து உயிரை வாங்கும். ஜெயித்த கட்டுக்கு என்ன அவசரம்? கயிறு கட்டி மேலே. அன்றைக்கு உத்தரவைப் படித்துவிட்டு நான் சபாஷ் என்றது நினைவிருக்கிறது. குமாஸ்தா சொல்லியிருப்பார் என்று நான், நான் சொல்லியிருப்பேன் என்று அவர். நடுவில் மெக்கானிக் எத்தனையோ முறை போன் செய்திருக்கிறார். குமாஸ்தா நடப்பு வழக்கு டைரியைப் புரட்டிவிட்டு, "உத்தரவு வந்ததும் நாங்களே கூப்பிடுறோம் சார்" என்றிருக்கிறார். முடிந்த வழக்கு அதில் எப்படி இருக்கும்?

குமாஸ்தா கதவைச் சாத்தினார்.

"டெலிபோன் நோட்டுல உத்தரவு வந்த தேதிக்குக் கீழ ஒரு வரி இடம் இருக்கும்மா. 'கட்சிக்காரருக்குத் தெரிவிக்கப்பட்டது'ன்னு எழுதிட்டா குழு என்ன பண்ணும்? அவர் வாய்ப்பேச்சு, நம்மகிட்ட நோட்டு."

ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். அவ்வளவு அசதியாக இருந்தது. நியாயமாக நடக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும் என்பதை அந்தக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை.

"அவரை வரச் சொல்லுங்கண்ணா" என்றேன்.

மதியம் மெக்கானிக் யூனிபார்மோடு வந்தார். நகக்கண்ணில் கிரீஸ். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என் மச்சான் பஸ் ஸ்டாப்ல சட்டையைப் பிடிச்சுட்டான் மேடம். 'ஆறு சனிக்கிழமை எங்கக்கா பிள்ளையைக் கூட்டிட்டு வந்து காத்துக் கிடந்தா, நீயெல்லாம் ஒரு அப்பனா'ன்னான். எந்த சனிக்கிழமைடான்னு அவன்கிட்டயே கேட்டேன்."

"தப்பு எங்களோடதுதான்" என்றேன். எந்தக் கட்சிக்காரரிடமும் அதுவரை சொல்லாத வாக்கியம்.

"புகாரை வாபஸ் வாங்கச் சொல்லித்தானே கூப்பிட்டீங்க?"

"இல்ல. உங்களுக்கு இப்ப என்ன வேணும்னு கேக்கத்தான்."

நாற்காலியில் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். "பாப்பா இப்ப வரவே மாட்டேங்குதாம். நான் சொன்னா நம்பாது. தப்பு உங்களோடதுன்னு எழுதித் தருவீங்களா மேடம்? பெரிய எழுத்தா எழுதினா அதுவே படிச்சிரும்."

அவர் முதுகுக்குப் பின்னால் குமாஸ்தா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் பயம் நியாயம்தான். வக்கீலே கையெழுத்துப் போட்டுத் தந்த ஒப்புதல். அதைக் குழுவிடம் நீட்டினால், நான் கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

முதல் தாளில் 'மேற்படி உத்தரவு' என்று கை தானாக எழுதியது. கிழித்தேன். அடுத்ததில் 'தவிர்க்க இயலாத காரணங்களால்'. அதையும் கிழித்தேன். மூன்றாவதில் இப்படி எழுதினேன்: 'பாப்பா, உன்னை வந்து பார்க்கலாம் என்று கோர்ட் சொன்னதை உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. தப்பு என்னுடையது.' கீழே கையெழுத்தும் முத்திரையும். குழுவுக்கும் அதையே கொஞ்சம் நீட்டி எழுதி அனுப்பினேன்.

கட்சிக்காரர் கையெழுத்து வாங்காமல் இனி எந்தக் கட்டும் மேலே போகக் கூடாது என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். இதை இப்போது சொல்லி என்ன பயன் என்பதுபோல் பார்த்தார். எனக்கும் அதே எண்ணம்தான்.

எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசி, அந்த வாரச் சனிக்கிழமைக்கு மகளைக் கூட்டிவரச் செய்தேன். நானும் போனேன். சந்திப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு சுவர்க் கடிகாரம். சிறுமி அம்மாவின் கையை விடாமல் நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நீட்டிய தாளை மட்டும் வாங்கி, உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் மறந்தீங்களா?"

"ஆமாம்மா."

"ஆறு வாரமுமா?"

"ஆறு வாரமும்."

அவள் அம்மாவிடம் திரும்பினாள். "நீ சொன்னதுதாம்மா சரி. அப்பாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு சொன்னேல்ல. நான்தான் நம்பல."

தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தையின் மனதில் தகப்பனைப் பற்றி விஷம் ஏற்றுகிறவள் என்று அவளைப் பற்றி எழுதித்தான் நான் அந்த வழக்கை ஜெயித்தேன். என் கட்சிக்காரருக்காக ஆறு வாரமும் வாதாடியிருப்பவள் அவள். எனக்கு அவமானமாக இருந்தது.

சிறுமி போய் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் தொடப் பயந்து, இரண்டு கையையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பினேன்.

"ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். "அடுத்த சனிக்கிழமை வர்றதை அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்ல வேணாம்."

சரி என்றேன்.